ஐன்–காஃப்–லாம்: ஒட்டகக் கயிறு, அறிவு, கொலை ஈட்டுத்தொகை எல்லாம் ஒரே வேரா?

பனையோலை:
'அக்ல்' என்றால் அறிவு என்று பாடநூல்கள் சொல்கின்றன. பழைய பெரிய அரபி அகராதியான லிஸானுல் அரபில் அந்த மூன்றெழுத்து வேரைத் (ஐன்–காஃப்–லாம்) திறந்தால் பக்கம் பக்கமாக வேறு என்னென்னவோ வருகிறது: ஒட்டகத்தைக் கட்டுதல், கொலைக்கான ஈட்டுத்தொகை (தியத்), மலையாடு ஏறி ஒளியும் இடம், நாக்கு அடைத்துப்போதல், வயிற்றுப்போக்கை நிறுத்தும் மருந்து, உயர்குடிப் பெண், முத்து, ஆற்றின் வளைவு.

இவை உண்மையிலேயே ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்தவையா, அல்லது அகராதிக்காரர்கள் ஒரே பெட்டியில் போட்டு வைத்தவையா? ஒரு வாக்கியத்தில் இந்தச் சொல் வந்தால் எந்தப் பொருள் என்று எதை வைத்து முடிவு செய்வது? எந்த அகராதியில் தொடங்குவது? ஸர்ஃப் (அரபிச் சொல்லிலக்கணம்) அடிப்படை தெரியும், அதனால் வினை வடிவங்களை எண்ணாலேயே சொல்லலாம்.

கல்வெட்டு:
பெரும்பாலானவை கிளைத்தவைதான். ஆனால் 'கட்டுப்படுத்துதல்' என்ற பொதுக்கருத்தில் தொடங்கினால் பாதி விளங்காது. ஒட்டகத்தின் காலில் தொடங்குங்கள்.

ஒட்டகத்தின் ஒரு முன்னங்காலை முழங்காலில் மடக்கி, கீழ்க்காலையும் மேற்காலையும் சேர்த்து நடுவில் கயிறு சுற்றிக் கட்டுவதுதான் 'அகல'. அந்தக் கயிறு 'இகால்'. இரண்டு கால்களைப் பிணைக்கும் நம்மூர்த் தளைக்கு அரபில் வேறு சொல் இருக்கிறது, 'கைத்'. கைத் போட்ட ஒட்டகம் குறுக்கடி வைத்து மேயும். இகால் போட்டது எழுந்தாலும் மூன்று காலில்தான் நிற்கும். நஹ்ர் செய்யும்போது (ஒட்டகத்தை அறுக்கும்போது) அதன் இடது முன்னங்காலைக் கட்டி நிற்க வைப்பார்கள் என்று வரும் ஹதீஸில் இருப்பதும் இந்த வேர்தான். 'கட்டிவிட்டு அல்லாஹ்வை நம்பு' என்ற திர்மிதி ஹதீஸின் 'இஃகில்ஹா'வும் இதுவே.

மடங்கிய கால் என்ற படம் மனதில் இருந்தால் எட்டாம் வடிவமான 'இஃதகல' தானாக விளங்கும். குதிரை வீரன் ஈட்டியை 'இஃதகல' செய்தான் என்றால் தன் காலுக்கும் அங்கவடிக்கும் இடையில் அதை இடுக்கிக்கொண்டான். ஆட்டை 'இஃதகல' செய்தான் என்றால் அதன் காலைத் தன் தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் இடையே இடுக்கிப் பால் கறந்தான். மல்யுத்தத்தில் எதிராளியின் காலில் தன் காலைப் பின்னி வீழ்த்தும் பிடி 'உக்லா'. பொதுக்கருத்தை மட்டும் வைத்திருப்பவருக்கு ஈட்டியும் பால் கறப்பதும் ஏன் இங்கே வந்தன என்றே தெரியாது.

இன்னொரு கிளை 'ஓடுவது நிற்பது'. மருந்து வயிற்றை 'அகல' செய்தது என்றால் போக்கு நின்றது. 'உஃதுகில லிஸானுஹு' என்றால் நாக்கு எழவில்லை. பெரும்பாலும் செயப்பாட்டு வினையில் வரும். நண்பகலில் நிழல் சுருங்கி நிற்பதற்கும் 'அகலழ் ழில்லு' என்பார்கள். எனக்கு மிகப் பிடித்த பயன்பாடு இது.

மூன்றாவது, எட்டாத இடம். மலையாடு உச்சியில் ஏறிப் பிடிபடாமல் நின்றால் அதற்கும் 'அகல'. அந்த ஆடு 'ஆகில்'. அந்த இடம் 'மஃகில்'. பின்னால் கோட்டைக்கும் அரணுக்கும் அதுவே பெயராயிற்று. 'அகீலா' வீட்டுக்குள் பேணப்படும் உயர்குடிப் பெண். அதிலிருந்து எதிலும் சிறந்தது என்ற பொருள் வந்தது. 'கடலின் அகீலா' முத்து.

அறிவு எங்கே சேர்கிறது? ஹிஜ்ரி 395இல் இறந்த இப்னு ஃபாரிஸ் தன் அகராதியான மகாயீஸில் இந்த வேருக்கு ஒரே மூலம்தான் என்கிறார்: ஒன்றைத் தடுத்து நிறுத்துவது. இழிந்த சொல்லிலிருந்தும் செயலிலிருந்தும் தடுப்பது அக்ல் என்பது அவர் விளக்கம். குர்ஆனில் இந்த வேர் 49 இடங்களில் வருகிறது; எல்லாமே வினை, பெயர்ச்சொல்லாக 'அக்ல்' ஓரிடத்திலும் இல்லை. 'அஃபலா தஃகிலூன்' என்பது 'உங்களுக்கு அறிவு இல்லையா' என்பதைவிட 'சிந்தித்துப் பிடித்துக்கொள்ள மாட்டீர்களா' என்பதற்கு அருகில் இருக்கிறது. தமிழ் மொழிபெயர்ப்புகளில் இது அடிக்கடி நழுவுகிறது என்பது என் கருத்து.

ஒற்றுப்பிழை:
அகராதிக் கேள்விக்கு வருகிறேன்.

முதலில் எழுத்தைச் சரிபாருங்கள். தமிழில் எழுதிய குறிப்பை வைத்து வேர் தேடாதீர்கள். ஐனும் ஹம்ஸாவும் நமக்கு 'அ', பெரிய காஃபும் சின்ன காஃபும் 'க'. அதனால் 'அகல' என்று எழுதினால் அது ஐன்–பெரிய காஃப்–லாம் (கட்டினான்) ஆகவும் இருக்கலாம், ஹம்ஸா–சின்ன காஃப்–லாம் (தின்றான்) ஆகவும் இருக்கலாம். 'ஆகில்' அறிவாளியா, தின்பவனா என்பதைத் தமிழ் எழுத்து சொல்லாது. 'அகல்லு' (மிகக் குறைந்தது) வேறு வேர்: காஃப்–லாம்–லாம்; முன்னால் இருக்கும் ஹம்ஸா வேரில் சேராது.

அடுத்தது நூலின் அடுக்குமுறை. ஸிஹாஹ் என்ற பழைய அகராதியும் லிஸானும் வேரின் கடைசி எழுத்தை வைத்து அடுக்கப்பட்டவை. லாம் பாபுக்குப் (அதிகாரம்) போய், அதற்குள் ஐன் ஃபஸ்லைத் (உட்பிரிவு) தேட வேண்டும். பெய்ரூத் தார் ஸாதிர் பதிப்பின் 15 தொகுதிகளில் இது 11ஆம் தொகுதி. கெய்ரோ தார் அல்-மஆரிஃப் பதிப்பு லிஸானை முதலெழுத்து வரிசைக்கு மாற்றிவிட்டது. அதில் நேராக ஐனுக்குப் போங்கள். ஒருவர் கொடுக்கும் தொகுதி எண் இன்னொருவருக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான். கலீலின் அகராதியான கிதாபுல் ஐன் ஒலி பிறக்கும் இடத்தின் வரிசையில், தொண்டையிலிருந்து தொடங்குகிறது. அதில் ஐன்–காஃப்–லாமின் மாற்றடுக்குகள் (அகல, அலிக, கலஅ, லஇக முதலியவை) ஒரே இடத்தில் இருக்கும். புதிதாகப் படிப்பவருக்கு அது தலைசுற்றல்.

நான் பரிந்துரைக்கும் வரிசை: முதலில் மகாயீஸ். வேருக்கு ஒரு மூலமா, இரண்டு மூன்றா என்று சில வரிகளில் சொல்லிவிடும். அடுத்து ஸமக்‌ஷரியின் அஸாஸுல் பலாகா. நேர்ப்பொருளை முதலில் சொல்லி, 'வ மினல் மஜாஸ்' என்று எழுதிவிட்டு உருவகப் பயன்பாட்டுக்குப் போகும். உங்கள் முதல் கேள்விக்கு நேரடியாக உதவும் நூல் அதுதான். லிஸான் கடைசியில். அது முந்தைய நூல்களைச் சேர்த்துக் கட்டியது. ஒரே பொருள் வேறு வேறு வாய்வழியாக மூன்று முறை வரும், வரிசைக்கும் பொருள் வளர்ச்சிக்கும் தொடர்பில்லை. ஆங்கிலம் தெரிந்தால் லேனின் அகராதி நல்லது. அது பெரிய காஃப் எழுத்திலிருந்து அரைகுறை, அதற்கு முன் வரும் ஐன் முழுமையாக இருக்கிறது. இன்றைய செய்தித்தாள் அரபிக்கு ஹான்ஸ் வேர் (Hans Wehr) என்பவரின் அகராதி போதும், பழைய கவிதைக்குப் போதாது.

பனையோலை:
மிக்க நன்றி. தியத் எப்படி இதில் வந்தது? 'அகல்துஹு', 'அகல்து அன்ஹு' இரண்டையும் ஒரே மாதிரி 'அவனுக்காக ஈட்டுத்தொகை கொடுத்தேன்' என்று மொழிபெயர்த்திருப்பதைப் பார்த்தேன். சரியா?

நடுத்திண்ணை:
தவறு. அந்த 'அன்' என்ற ஒரு இடைச்சொல் ஃபிக்ஹ் (இஸ்லாமியச் சட்டவியல்) விதியையே புரட்டிப் போடும்.

தியத் 100 ஒட்டகங்கள். அவற்றைக் கொலையுண்டவரின் வாரிசுகளின் வீட்டு முற்றத்துக்கு ஓட்டிவந்து, அங்கே கால் மடக்கிக் கட்டி ஒப்படைப்பார்கள். அந்தக் கட்டுதலே தொகையின் பெயராயிற்று. பிறகு தீனாராகவும் திர்ஹமாகவும் கொடுத்தபோதும் பெயர் மாறவில்லை. சேர்ந்து கொடுக்கும் தந்தைவழி ஆண் உறவினர் 'ஆகிலா'. தவறுதலாக நேர்ந்த கொலைக்கு அவர்கள் மூன்று ஆண்டுகளில் பகிர்ந்து செலுத்த வேண்டும். வேண்டுமென்றே செய்த கொலைக்கு அவர்கள் பொறுப்பல்ல.

இனி இலக்கணம். 'அகல்துஹு', நேர்ச் செயப்படுபொருள்: கொலையுண்டவருக்கு உரிய தியத்தைக் கொடுத்தேன். 'அகல்து அன்ஹு': கொன்றவர் சார்பில் நான் செலுத்தினேன். 'அகல்து லஹு தம ஃபுலான்': பழிவாங்கும் உரிமையை விட்டு தியத்துக்கு இசைந்தேன். ஒரே வினையில் மூன்று தரப்பு.

'ஆகிலா, வேண்டுமென்று செய்ததற்கும் அடிமைக்கும் செலுத்தாது' என்றொரு விதி இருக்கிறது: 'லா தஃகிலுல் ஆகிலது அம்தன் வலா அப்தன்'. அடிமை குற்றம் செய்தால் என்று சட்ட அறிஞர் அபூ ஹனீஃபா பொருள் கொண்டார். சுதந்திரமானவர் அடிமைக்குத் தீங்கு செய்தால் என்று இப்னு அபீ லைலா கொண்டார். மொழியறிஞர் அஸ்மயீ பின்னவர் பக்கம். முதல் பொருளானால் 'அன் அப்தின்' (அடிமையின் சார்பில்) என்றல்லவா வந்திருக்கும் என்பது அவர் வாதம். ஹாரூன் ரஷீதின் முன்னிலையில் காழி (நீதிபதி) அபூ யூசுஃபிடம் இதைப் பேசியதாகவும், தான் விளக்கும்வரை 'அகல்துஹு', 'அகல்து அன்ஹு' இரண்டையும் அவர் வேறுபடுத்தவில்லை என்றும் அஸ்மயீ சொன்னது ஸிஹாஹில் பதிவாகியிருக்கிறது. மொழிக்காரர்கள் காழிகளைச் சீண்டுவது அன்றும் உண்டு!

ஆகவே உங்கள் இரண்டாம் கேள்விக்கு: வேரைப் பார்க்கும் முன் மூன்றைப் பாருங்கள். வினையின் வடிவ எண், பின்னால் வரும் இடைச்சொல், செயப்படுபொருள் மனிதரா, விலங்கா, உறுப்பா. இந்த மூன்றும் தெரிந்தால் பெரும்பாலும் ஒரு பொருள்தான் மிஞ்சும்.

கல்வெட்டு:
மிஞ்சாத இடமும் உண்டு. ஜகாத் தர மறுத்தவர்களைப் பற்றி முதல் கலீஃபா அபூபக்ர் 'ஒரு இகாலைத் தடுத்தாலும் போரிடுவேன்' என்றார். கயிறா? மொழியறிஞர் கிஸாயீ 'ஓர் ஆண்டின் ஜகாத்' என்கிறார். ஆதாரமாக, முஆவியா காலத்தில் கல்ப் குலத்துக்கு ஜகாத் வசூலிக்க வந்த அம்ரைப் பற்றிய கவிதை: ஒரு இகாலுக்கே எங்களிடம் ஆட்டுமயிர்கூட மிஞ்சவில்லை, இரண்டு இகால் வசூலித்திருந்தால் என்னாவது? அங்கே கயிறு என்று வைத்தால் கவிதை விழுந்துவிடும். ஆனால் அபூபக்ர் சொன்னதில் அற்பமான பொருளைச் சுட்டினால்தான் வேகம் கூடுகிறது. ஹதீஸ் விரிவுரையாளர் நவவியும் கயிற்றையே ஏற்கிறார். அதே செய்தி 'அனாக்' (பெண் ஆட்டுக்குட்டி) என்றும் புகாரியில் வருகிறது. சிறு பொருள் என்ற வாசிப்புக்கு அது துணை.

ஒற்றுப்பிழை:
ஓர் எச்சரிக்கை. எல்லாவற்றையும் மூலத்தோடு ஒட்டவைக்க முயலாதீர்கள். இதே வேரில் 'அக்ல்' ஒரு வகைச் சிவப்புத் துணி, ஒட்டகப் பல்லக்கின் மேல் போர்த்துவது. தடுத்தலோடு அதைச் சேர்க்கலாம், ஆனால் இழுத்துக் கட்ட வேண்டியிருக்கும். 'ஆகூல்' ஆற்றின் வளைவு என்பது மடங்கிய முழங்காலோடு நன்றாகப் பொருந்துகிறது. பாக்தாதுக்குத் தெற்கே டைக்ரிஸ் கரையில் இருந்த தைருல் ஆகூல், கி.பி. 876இல் அப்பாஸியர் யஃகூப் ஸஃப்பாரை முறியடித்த இடம், அந்தப் பெயரையே கொண்டிருந்தது. அதே 'ஆகூல்' ஒட்டகம் தின்னும் முட்செடிக்கும் பெயர். அதை வளைவோடு சேர்த்துக் கதை கட்டத் தேவையில்லை.

எதிர்ப்பக்கத் தவறும் நடக்கும்: இன்றைய சொல்லில் பழைய கயிற்றைத் தேடுவது. 'மஃகூல்' என்றால் ஏற்கத்தக்கது, நியாயமானது. விலை 'மஃகூல்' என்று கடைக்காரர் சொன்னால் யாரையும் யாரும் கட்டவில்லை. 'இஃதிகால்' கைது, 'முஃதகல்' தடுப்புமுகாம். தலைத்துணியின் மேல் அணியும் கறுப்பு வளையம் 'இகால்'. 'உக்லா'வுக்கு விரல் மூட்டு, தோட்டக்கலையில் நடுவதற்கு வெட்டிய தண்டு, உடற்பயிற்சியில் குறுக்குக் கம்பி என்று மூன்று பொருள். தோட்டக்கலை நூலில் 'உக்லா' வந்தால் லிஸானைத் தூக்காதீர்கள். அங்கே ஹான்ஸ் வேர் போதும்.