கேழ்வரகுக் கஞ்சி குடித்தும் குழந்தைக்கு ரத்தம் குறைவு, ஏன்?

குடியாத்தம் அம்மா:
பாப்பாவுக்கு எட்டு மாதம். தாய்ப்பாலோடு காலையும் மாலையும் கேழ்வரகுக் கஞ்சி, அத்தை மாவை வறுத்து அரைத்து வைத்திருக்கிறார், பசும்பால் ஊற்றிக் காய்ச்சுகிறோம், நன்றாகவே குடிக்கிறாள். ஆனால் ஹீமோகுளோபின் 9.4தான், டாக்டர் இரும்புச்சத்து மருந்து எழுதியிருக்கிறார். கேழ்வரகில் இரும்பு இருக்கிறது என்கிறார்களே, அது எங்கே போகிறது?

காட்பாடி வாசகி:
மருந்தை நிறுத்தாதீர்கள், அதுதான் முதலில். 100 கிராம் கேழ்வரகில் இரும்பு 4, 5 மில்லிகிராம்தான். இரண்டு வேளைக்கும் சேர்த்து 40 கிராம் மாவு என்றால் சுமார் 2 மில்லிகிராம், அதிலும் நூற்றில் ஐந்து பங்கு உடம்பில் சேர்ந்தாலே பெரிது. இந்த வயதில் தினமும் 0.7 மில்லிகிராம் அளவுக்காவது ரத்தத்தில் சேர வேண்டும், பிறக்கும்போது இருந்த சேமிப்பும் ஆறு மாதத்தோடு தீர்ந்துவிடும். தானியத்தின் மேல்தோலில் உள்ள ஃபைடேட் இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்து வைத்துக்கொள்கிறது, கேழ்வரகில் துவர்ப்புச் சத்தும் சேர்ந்து தடுக்கிறது. போதாததற்குப் பாலின் கால்சியமும் இரும்பை உள்ளே விடாது. ஒரு வயதுக்குள் பசும்பாலை இவ்வளவு கொடுக்க வேண்டாம், தண்ணீரிலேயே காய்ச்சுங்கள்.

ஆரணி அக்கா:
மாவு அரைக்கும் முறையையும் மாற்றிப் பாருங்கள்மா. கேழ்வரகை இரவு முழுக்க ஊறவைத்து, துணியில் கட்டி முளைவிட்டதும் காயவைத்து, அதற்கப்புறம்தான் லேசாக வறுக்க வேண்டும். ஃபைடேட்டை உடைக்கும் நொதி முளைக்கும்போதுதான் வேலை செய்யும், முதலிலேயே வறுத்துவிட்டால் அது செத்துப்போகும். முளைகட்டிய மாவில் கஞ்சி கெட்டியாகாது, அதனால் அதே கிண்ணத்தில் கொஞ்சம் கூடுதல் மாவு போடலாம். இறக்கி ஆறினதும் நெல்லிக்காய்ச் சாறோ எலுமிச்சைச் சாறோ சில சொட்டு விடுங்கள், கொதிக்கும்போது விட்டால் வைட்டமின் சி வீணாகிவிடும்.

குடியாத்தம் அம்மா:
ரொம்ப நன்றி அக்கா, அத்தையிடம் சொல்கிறேன். சுவரொட்டி, அதாவது ஆட்டு மண்ணீரல், கொடுக்கலாமா? எட்டு மாதத்துக்கு சீக்கிரமோ என்று பயம்.

காட்பாடி வாசகி:
தாராளமாக. நன்றாக வேகவைத்து மசித்து ஒரு ஸ்பூன் கொடுத்துப் பாருங்கள், அந்த இரும்பை ஃபைடேட் அவ்வளவாகத் தடுக்காது. ஈரல் என்றால் மட்டும் வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் வேண்டாம், வைட்டமின் ஏ அதிகம்.