புதுப்பிப்பு: நார்வே ஃபியோர்டு கப்பல் பதிவு செய்தாயிற்று

கோடையில் நார்வே ஃபியோர்டுகளைப் (மலைகளுக்கு நடுவே உள்ளே நீளும் குறுகிய கடல் பகுதிகளை) பார்க்க இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனிலிருந்து போகும் பெரிய கப்பலா, நார்வேயிலேயே பெர்கன் முதல் வடக்கே கிர்க்கெனஸ் வரை போகும் கரையோரக் கப்பலா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. பெரிய கப்பல்தான், ஜூன் தொடக்கத்தில்.

காரணம் கெய்ராங்கர் என்ற ஃபியோர்டு. சுமார் 15 கிலோமீட்டர் நீளம், இருபுறமும் செங்குத்துப் பாறை. அங்குள்ள 'ஏழு சகோதரிகள்' அருவிக்குப் பனி உருகும் மே முதல் ஜூலை வரைதான் நல்ல தண்ணீர். கோடை முடியும்போது சில சகோதரிகள் காணாமல் போய்விடுவார்கள்! யுனெஸ்கோ பட்டியலில் உள்ள ஃபியோர்டுகளில் 2032 முதல் பெரிய கப்பல்களும் புகையில்லாமல் ஓட வேண்டும் என்பது நார்வேயின் விதி. நல்ல விதிதான், ஆனால் அதற்குள் போய்விட வேண்டும் என்று எனக்கு அவசரம்.

பால்கனி அறை எடுக்கவில்லை. காட்சி இரண்டு பக்கமும் இருக்கும்போது மேல்தளம்தான் சரி. வழியில் ஃப்ளோம் என்ற ஊரில் இறங்கி, 20 கிலோமீட்டர் ரயிலில் 866 மீட்டர் உயரத்திலுள்ள மிர்டால் ரயில் நிலையத்துக்கு ஏறுகிறோம்.

அப்புறம், நள்ளிரவுச் சூரியன் (இரவிலும் மறையாத சூரியன்) பற்றிக் கேட்டவருக்கு: அது ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கேதான் தெரியும். அதுதான் முக்கியம் என்றால் அந்த வட்டத்தைத் தாண்டிப் போகும் கரையோரக் கப்பலையே எடுங்கள்.