மறு: அம்பு விஷம் – 'கணைப்பால்'னு வைக்கலாமா?

அண்ணே, அக்கா எல்லாருக்கும் வணக்கம், மலேசியா தாப்பாவுல இருந்து எழுதுறேன். நம்ம கலைச்சொல் பட்டியல்ல 'அம்பு விஷம்'னு போட்டிருக்கீங்க, எனக்கு அது ஒத்து வரல. மேல கேமரன்மலைப் பக்கம் செமாய் பூர்வகுடி ஆளுங்க வேட்டைக்கு எடுத்துட்டுப் போறது வில் இல்லையே, மூங்கில் சும்பிட்டான், வாயில வச்சு ஊதுற குழல். உள்ள போற குச்சிக்கு 'ஊதுகணை'ன்னு போன வாரமே முடிவு பண்ணியாச்சு, அப்போ இதுவும் கணையோட சேர்ந்தே வரட்டும்.

இந்த விஷத்துக்கு ஈப்போ மரத்துப் பட்டையில சாய்வா கோடு கோடா கீறி, வடியுற பாலை மூங்கில்ல பிடிச்சு, நெருப்புல காய்ச்சி, கருப்பா பசை மாதிரி ஆனதும் கணை முனையில தடவி காயவைப்பாங்க. எஸ்டேட்ல பால்மரம், அதான் ரப்பர் மரம், சீவின நம்ம அம்மா அப்பாங்களுக்கு இதை விளக்கவே வேணாம், பட்டை கீறுனா பால் வரும்னு கையே சொல்லும். அதனாலதான் பேர்ல 'பால்' கண்டிப்பா இருக்கணும்ங்கிறேன். 'தோய்பால்'ங்கிற யோசனை வேண்டாம்ணே, தயிருக்கு தோய்ச்ச பால்னு நினைச்சிடுவாங்க.

அக்கா சொன்ன 'நச்சுமரப் பால்'ல எனக்கு பெரிய வருத்தமே இருக்கு. 1783ல லண்டன் பத்திரிகை ஒன்னு இந்த மரத்தைச் சுத்தி மைல் கணக்குல புல் பூண்டு கூட பிழைக்காதுன்னு எழுதிச்சு, அந்தப் புளுகு ரொம்ப காலம் ஓடிச்சு, நாமளும் அதுக்கு பேர் கொடுக்கணுமா? பலா, அத்தி குடும்பத்து மரம் அது. பட்டையைத் தட்டித் தட்டி துணி ஆக்குவாங்க, கேரளாவுல இதே மரத்துக்கு பேரே மரவுரி. பாலும் ரத்தத்துல கலந்தாதான் இதயத்தை நிறுத்துது, காயத்தைச் சுத்தி உள்ள சதையை மட்டும் வெட்டிப் போட்டுட்டு மிச்சத்தை சமைச்சு சாப்பிடுறாங்க. மரத்துக்கு ஈப்போ மரம்னே இருக்கட்டும், பக்கத்து ஈப்போ டவுனுக்கே அது கொடுத்த பேருதானே.

ஒரே ஒரு சிக்கல். ஈப்போ அக்கார்னு ஒரு கொடி இருக்கு, நம்ம எட்டி இனம், அதோட பட்டையைக் காய்ச்சியும் கணையில தடவுவாங்க, சில சமயம் ரெண்டையும் கலக்குறதும் உண்டு. அது பால் இல்ல, வேலை செய்யற விதமும் வேற, இதயத்தை விட்டுட்டு நரம்பையும் தசையையும் பிடிக்கும். அதனால பொதுப்பேரா 'கணைநஞ்சு', மரத்துதுக்கு மட்டும் 'கணைப்பால்'னு தனித்தனி வரியா போடுங்க. கொடியோடதுக்கு 'கணைச்சாறு' எனக்கு ஓகேதான், வேற நல்லதா தோணுனா சொல்லுங்க.