வெளிநாட்டுச் சிறையில் இருக்கும் விசுவாசிகளுக்குக் கடிதம்: எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது?

தங்கச்சிமடம் அன்பியம்:
மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அப்போது ஆட்கள் கரையில் இருப்பார்கள் என்பதால், விசுவாசத்துக்காகச் சிறையில் இருக்கிறவர்களுக்கு அன்பியக் கூட்டத்தில் (பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபிக்கும் குழு) கடிதம் எழுதலாமா என்று பேச்சு. தமிழில் எழுதினால் போதுமா? வேத வசனம் போடலாமா? ஓரியூரில் விசுவாசத்துக்காக உயிர் கொடுத்த புனிதர் அருளானந்தர் படம் வைக்கலாமா?

பாம்பன் வாசகர்:
தமிழ் வேண்டாம். உறையை முதலில் பிரிப்பவர் தணிக்கை அதிகாரி. அவருக்குப் புரியாத கடிதம் ஓரமாகப் போய்விடும். எளிய ஆங்கிலத்தில் ஐந்தாறு வரி போதும்: உங்களை நினைக்கிறோம், உங்கள் வீட்டாருக்காகவும் ஜெபிக்கிறோம். வழக்கு, சித்திரவதை, அந்த நாட்டு அரசு, அவர்களுடைய மதம், கைதிகளின் பட்டியலும் முகவரியும் தந்த அமைப்பின் பெயர் எதுவும் வரக் கூடாது. அதிகாரிக்குக் கோபம் வந்தால் அடி கைதிக்குத்தான். "சீக்கிரம் விடுதலை ஆவீர்கள்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். வசனம் ஒன்று, சின்னதாக. கெடுபிடியான நாடு என்றால் அதுவும் வேண்டாம்.

அருளானந்தர் 1693 பிப்ரவரி 4 அன்று தலை வெட்டுண்டவர். சிறையிலிருந்தே கடிதம் எழுதியவரும்கூட. ஆனால் வெட்டுப்படும் படத்தைச் சிறைக்கு அனுப்பினால் அதிகாரி என்ன நினைப்பார்? கடற்கரை, பனைமரம் போதும்.

தொண்டி:
அஞ்சல் வேலைதான் பலருக்குச் சறுக்கும். கைதியின் பெயரும் எண்ணும் அமைப்பு தந்த பட்டியலில் உள்ள எழுத்துப்படியே இருக்க வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் வேறு ஆளாகிவிடும். முகவரி ஆங்கிலப் பெரிய எழுத்தில், கடைசி வரியில் நாட்டின் பெயர். அந்த நாட்டு எழுத்தில் அச்சிட்ட முகவரி கிடைத்தால் அதையும் ஒட்டுங்கள். அனுப்பும் வாரத்தில் பட்டியலைத் திரும்பப் பாருங்கள். கைதியை வேறு சிறைக்கு மாற்றியிருப்பார்கள், இல்லை விட்டிருப்பார்கள்.

நம்ம உப்புக்காற்றில் ஜெல் பேனா மை கசியும், உறையின் பசை தானாக ஒட்டிக்கொள்ளும். பால்பாயிண்ட் பேனாவால் எழுதி, போடுகிற அன்று உறையில் போடுங்கள். ஸ்டேப்பிள், கிளிப், பளபளப்புத் தாள், ரூபாய் நோட்டு கூடாது. அனுப்புநராக முதல் பெயரும் "இந்தியா" என்பதும் போதும், வீட்டு முகவரி வேண்டாம். தபால் நிலையத்தில் எடை போட்டுத் தபால்தலை ஒட்டுங்கள்.

எல்லாரும் ஒரே வாசகத்தைப் பார்த்து எழுதாதீர்கள். ஒரே நாளில் கட்டாகவும் போடாதீர்கள். யாரோ திட்டமிட்டுச் செய்கிற பிரச்சாரம் என்று மொத்தமும் நிறுத்தப்படும். வாரத்துக்கு இரண்டு குடும்பம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

தங்கச்சிமடம் அன்பியம்:
நன்றி அண்ணே. பதில் வருமா?

தொண்டி:
எதிர்பார்க்காதீங்க. பதில் கேட்டு எழுதவும் வேண்டாம். சிறைக்குள் பேப்பரும் தபால்தலையும் கிடைப்பதே கஷ்டம்.

சாயல்குடி ஜெபக்குழு:
எல்லா நாட்டுக்கும் கடிதம் போகாது. எரித்திரியாவில் 2002 முதல் ஆர்த்தடாக்ஸ், கத்தோலிக்கம், லூத்தரன் தவிர மற்ற சபைகளுக்குத் தடை. விசாரணையே இல்லாமல் கப்பல் கன்டெய்னருக்குள் அடைத்து வைத்திருக்கிறவர்களுக்கு எந்த முகவரி எழுதுவது? அங்கே ஜெபம்தான். சீனாவின் செங்டு நகரப் போதகர் வாங் யீக்கு 2019 டிசம்பரில் 9 ஆண்டு தண்டனை. இப்படிப் பெயரும் ஆண்டும் தெரிந்தால் ஜெபம் பொத்தாம்பொதுவாக இராது. ஒரு கூட்டத்துக்கு ஒரே ஆளை எடுங்கள்: அவர் உடல்நிலை, மனைவி மக்களின் சாப்பாடு, பக்கத்து அறைக் கைதிகள், காவலர்கள் என்று வரிசையாக. வாசிக்க எபிரெயர் 13:3, அப்போஸ்தலர் 12.

வாட்ஸ்அப்பில் ஒன்று கவனியுங்கள். "ஆப்கானிஸ்தானில் 22 மிஷனரிகளுக்கு நாளை மரண தண்டனை" என்ற செய்தி பல வருடமாகச் சுற்றும் பொய். தேதியும் மூலமும் இல்லாததைக் கூட்டத்தில் வாசிக்காதீர்கள். உண்மையான கைதியின் விவரத்தையும் குரூப்பில் பரப்பாதீர்கள். வீட்டார் கேட்டுக்கொண்டால் மட்டும் செய்யுங்கள்.