மரியாதையா பேசியே ஓரங்கட்டுறாங்க, உங்களுக்கும் நடந்திருக்கா?

நான் மும்பை செம்பூர். ஃபிளாட் என் பேர்லதான் இருக்கு. போன வருஷாந்திர சொசைட்டி மீட்டிங்ல (ஏஜிஎம்) பெயின்டிங்குக்கு எவ்ளோ ஆச்சு, எத்தன பேர்கிட்ட கொட்டேஷன் வாங்குனீங்கன்னு கேட்டேன், அவ்ளோதான். செக்ரட்டரி கைய கூப்பி "ஆன்ட்டிஜி, ஆப் டென்ஷன் மத் லீஜியே, ஹம் ஹை நா" (நீங்க டென்ஷன் ஆகாதீங்க, நாங்க இருக்கோம்ல)ன்னு சிரிச்சாரு, சுத்தி இருந்தவங்களும் சிரிச்சாங்க, அப்படியே பார்க்கிங் விஷயத்துக்குப் போயிட்டாங்க. கத்தியிருந்தா நானும் கத்தியிருப்பேன், இப்படி கும்பிட்டுப் பேசுனா என்ன பண்றது, மேல ஒரு வார்த்தை பேசுனா நாமதான் சண்டைக்காரி. அதே கேள்விய அப்புறம் மூணாவது மாடி சார் கேட்டாரு, அவருக்கு ஃபைலத் தொறந்து காட்டுனாங்க! அதுதான் எனக்கு ஆறவே இல்ல.

அப்புறம் எழுதியே குடுத்தேன். மகாராஷ்டிரா கோஆபரேட்டிவ் சொசைட்டீஸ் ஆக்ட் 1960 இருக்கு, மெம்பரா இருந்தா போதும், ஆடிட் ஆன பேலன்ஸ் ஷீட், மீட்டிங் மினிட்ஸ் எல்லாம் சொசைட்டி ஆபீஸ்லயே காசில்லாம பாக்கலாம், காப்பி வேணும்னா ஃபீஸ் கட்டுனா தரணும். லெட்டர் காப்பில சீல் போட்டு வாங்கிக்கோங்க, அது முக்கியம். பேலன்ஸ் ஷீட்டும் மினிட்ஸும் காட்டுனாங்க. கொட்டேஷன் மட்டும் இன்னும் வரல, விடமாட்டேன்.

செம்பூர் அக்கா, எங்க அந்தேரி ஆபீஸும் இதேதான். மீட்டிங்ல டெஸ்டிங் பாக்கி இருக்குன்னு சொன்னா மேனேஜர் "குட் பாயின்ட், ஆஃப்லைன்ல பேசலாம்"பாரு, அதாவது அப்புறம் தனியா, அந்த ஆஃப்லைன் வரவே வராது. இப்பல்லாம் அங்கயே "வியாழக்கிழமை பதினொரு மணிக்கு காலண்டர்ல போடட்டுமா சார்"னு கேட்டுடுறேன். சிலருக்கு நெஜமாவே டைம் இருக்காது, எல்லாரையும் தப்பு சொல்லமாட்டேன்.

ரெண்டு பேரும் நம்ம தமிழ் ஆளுங்கள விட்டுட்டீங்களே. நான் தாராவி, தாத்தா காலத்துல திருநெல்வேலி பக்கத்துல இருந்து தோல் ஷாப் வேலைக்கு வந்த குடும்பம், பி.எட் முடிச்சிருக்கேன். மாட்டுங்காவுல ஒரு தமிழ் வீட்டுல மேத்ஸ் டியூஷனுக்கு ஆள் வேணும்னாங்கன்னு போனேன், காபி குடுத்தாங்க, நல்லாத்தான் பேசுனாங்க, எங்க இருக்கீங்கன்னு கேட்டாங்க, சொன்னதும் "தாராவியா, பரவாயில்லையேம்மா, உங்களப் பாத்தா அப்படித் தெரியவே இல்ல"ன்னாங்க. பாராட்டுற மாதிரிதான் சொன்னாங்க, ஆனா எங்கம்மா, சித்தி, என்கூட படிச்ச பிள்ளைங்க எல்லாரையும் சேத்துக் கீழ தள்ளிட்டாங்க. வாசல் வரைக்கும் வந்து "சொல்லி அனுப்புறோம்மா"ன்னாங்க. போன் வரவே இல்ல. தமிழ் வீடுன்னு நம்பிப் போனதால இன்னும் கூட வலிச்சுது.

இப்போ எங்க போனாலும் மொதல்லயே தாராவின்னு சொல்லிட்டுதான் ஃபீஸ் பேசுறேன், முகம் மாறுச்சுன்னா அங்க உக்காருறதில்ல. வடாலாவுல ரெண்டு பிள்ளைங்க படிக்கிறாங்க, பத்தாவது, ஜியோமெட்ரிதான் கொஞ்சம் இடிக்குது.