தோற்பதற்கென்றே வந்தவர்கள்: பழைய 'ரா' பார்த்த அனுபவங்கள்

சேனல்மாத்தி:

WWE (அப்போது WWF) மல்யுத்தக் கம்பெனியின் வாராந்திர டிவி நிகழ்ச்சி 'மண்டே நைட் ரா'வை முதல் எபிசோடிலிருந்து வரிசையாக மறுபடி பார்த்துக்கொண்டிருக்கிறேன். 1993 ஜனவரி 11, நியூயார்க் மன்ஹாட்டன் சென்டர். ராட்சதத் திரை, பட்டாசு எதுவும் கிடையாது. பால்கனி வைத்த பழைய அரங்கம், ரிங்கை ஒட்டி நெருக்கியடித்த கூட்டம். ஒருத்தன் கத்தினால் அவன் குரல் தனியாகக் கேட்கிறது. நிகழ்ச்சி மொத்தமே ஒரு மணி நேரம். வர்ணனையாளர் பாபி ஹீனன் உள்ளே விடச் சொல்லி வாசலிலேயே மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். அந்தக் காமெடி இப்போதும் சிரிப்பு வருகிறது.

பிரெட் ஹார்ட், ரேஸர் ரமோன், அண்டர்டேக்கர் என்று எழுத இங்கே நிறைய பேர் இருக்கிறீர்கள். நான் கேட்பது வேறு. அவர்களிடம் வாராவாரம் அடி வாங்கினானே ஒருத்தன், அவன் முகம் யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? நிகழ்ச்சி விளம்பரம் முடிந்து திரும்பும்போதே அவன் ரிங்குக்குள் நின்றுகொண்டிருப்பான். இசை கிடையாது, கோட்டு கிடையாது, சாதா ஜட்டி. ஊரையும் எடையையும் சொல்லி முடிப்பதற்குள் எதிராளியின் பாட்டு ஆரம்பித்துவிடும். மூன்று நிமிடத்தில் ஆட்டம் காலி.

ஜாபர் என்பார்கள். தோற்பதுதான் ஜாப், அதற்குத்தான் கூலி. இதில் ஒரு கணக்கு உண்டு. அன்றைக்குக் கம்பெனிக்கு வருமானம் அரங்கு டிக்கெட்டிலும், தனியாகக் காசு கட்டி டிவியில் பார்க்கிற பே-பெர்-வியூவிலும். 1993-ல் பெரிய நிகழ்ச்சிகள் வருடத்துக்கு ஐந்துதான்: ராயல் ரம்பிள், ரெஸில்மேனியா, கிங் ஆஃப் தி ரிங், சம்மர்ஸ்லாம், சர்வைவர் சீரிஸ். பிரெட் ஹார்ட்டையும் யோகோசுனாவையும் டிவியில் இலவசமாக மோதவிட்டால் எவன் காசு கொடுத்துப் பார்ப்பான்? அதனால் டிவியில் நட்சத்திரம் ஜெயிக்க வேண்டும், ஆனால் இன்னொரு நட்சத்திரம் தோற்கக் கூடாது. நடுவில் இந்த ஆள் தேவை.

முதல் எபிசோடிலேயே பாருங்கள். கோகோ பி. வேர் கொஞ்சம் பெயர் உள்ளவர்தான், கிளியோடு வருவாரே அவர். அவரை யோகோசுனா முன்னால் நிறுத்தினார்கள். மனுஷன் என்னென்னவோ செய்து பார்க்கிறார், இருநூறு கிலோவுக்கு மேலான உடம்பு அசையவில்லை. கடைசியில் யோகோசுனா மூலையில் ஏறி அப்படியே அவர் நெஞ்சில் உட்கார்ந்தான். சரியாகப் பதின்மூன்று நாளில் அதே யோகோசுனா ராயல் ரம்பிளை ஜெயித்தான். ஏப்ரலில் பிரெட்டைச் சாய்த்துச் சாம்பியன் ஆனான், ஹல்க் ஹோகன் சில நிமிடத்திலேயே அதைத் தட்டிப்பறித்தது தனிக்கதை. யோகோசுனாவைப் பார்த்து நாம் பயந்தோமே, அந்தப் பயத்தில் பாதியைக் கொடுத்தது கோகோவின் முகம்.

உங்கள் ஞாபகங்களைச் சொல்லுங்கள்.

ரேங்க்_ஒண்ணு:

அண்ணா, முகம் எப்படி ஞாபகம் இருக்கும்? அவர்களுக்குத்தான் ட்ரம்ப் கார்டே கிடையாதே. எங்கள் பள்ளியில் கார்டு இல்லாதவன் மல்யுத்தக்காரனே இல்லை. உயரம், எடை, நெஞ்சு, பைசெப்ஸ் என்று அடித்துக்கொள்வோம். ஆடிய சண்டை, ஜெயித்த சண்டை என்று ஆயிரக்கணக்கில் போட்டிருக்கும். அத்தனையும் யாரை ஜெயித்தது என்று ஒருத்தனும் கேட்டதில்லை.

தலைப்பை விட்டு ஒரு நிமிடம் விலகுகிறேன், மன்னிக்கவும். அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர் என்று உங்கள் ஊரிலும் சொன்னார்களா? நான் சமீபத்தில்தான் 1994 ராயல் ரம்பிள் பார்த்தேன். யோகோசுனாவும் ஒரு பட்டாளமும் சேர்ந்து அவரைச் சவப்பெட்டியில் திணித்துப் பூட்டுகிறார்கள், திரையில் அவர் ஆவி மேலே போகிறது! அதே வருடம் சம்மர்ஸ்லாமில் அண்டர்டேக்கர் எதிரே இன்னொரு அண்டர்டேக்கர். அந்தப் போலி பிரையன் லீ. அக்‌ஷய் குமாரின் 'கிலாடியோன் கா கிலாடி'யில் வருவதும் இந்த பிரையன் லீதான், அசல் ஆள் இல்லை. இப்படியெல்லாம் காட்டினால் எட்டாவது படிக்கிற பையன் ஏழு உயிர் என்று சொல்லாமல் என்ன செய்வான்?

கடைக்குட்டி:

எங்கள் வீட்டில் ஜாபர் நான்தான். இரண்டு அண்ணன்கள். பெரியவன் பிரெட் ஹார்ட், சின்னவன் ஷான் மைக்கேல்ஸ், எனக்கு யாரும் பெயரே வைக்கவில்லை. இலவம்பஞ்சு மெத்தையைத் தரையில் போட்டு சூப்ளெக்ஸ், அதாவது ஆளைத் தூக்கி முதுகடியாகப் போடுவது. அழக் கூடாது, ஆனால் வலிக்கிற மாதிரி நடிக்கணும், இல்லையென்றால் அடுத்த முறை நிஜமாகவே போடுவார்கள். அம்மா வந்தால் மூவரும் தூங்குவது போல் படுத்துக்கொள்வோம், மெத்தை மட்டும் காட்டிக்கொடுக்கும்.

அதனாலோ என்னவோ எனக்குப் பிடித்தவர் பாரி ஹோரோவிட்ஸ். சேனல்மாத்தி அண்ணா, அவரை நீங்கள் சொல்லாமல் விட்டது அநியாயம். எத்தனை வருடமாகத் தோற்றுக்கொண்டிருந்தவர்! எவனும் தட்டிக்கொடுக்கப் போவதில்லை என்று தெரிந்து தன் முதுகைத் தானே தட்டிக்கொள்வார். சட்டையின் முதுகிலும் கை அச்சு இருக்கும். 1995-ல் ஸ்கிப் என்று ஒருத்தன் இவரை ரிங்கில் வைத்துக்கொண்டு தண்டால் எடுத்துப் பீற்றிக்கொண்டிருந்தான், கூடவே அவன் மேனேஜர் சன்னி. மனுஷன் சுருட்டிப் பிடித்துவிட்டார், மூன்று எண்ணியாச்சு! வர்ணனையில் ஜிம் ராஸ் "ஹோரோவிட்ஸ் ஜெயித்துவிட்டார்" என்று கத்திய குரல் இருக்கிறதே, அதில் நடிப்பு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஆகஸ்டில் சம்மர்ஸ்லாமிலும் அதே ஸ்கிப்பைத் தோற்கடித்தார். அண்ணன்களிடம் இதைச் சொன்னால் இருவருக்கும் ஞாபகம் இல்லை.

ரிங்கோரம்:

பார்த்ததைப் பலர் எழுதிவிட்டீர்கள், நான் விழுந்ததை எழுதுகிறேன். வெளிநாட்டில் வேலையாக இருந்தபோது அங்கே ஒரு சின்ன மல்யுத்தப் பயிற்சிக்கூடத்தில் வார இறுதி வகுப்பில் சேர்ந்தேன். ஸ்டோன் கோல்ட் மாதிரி ஸ்டன்னர் போடலாம் என்று போனால், முதலில் சொல்லிக்கொடுத்தது விழுவது. அதற்குப் பிறகும் விழுவது.

ரிங் என்பது இரும்புச் சட்டம், மேலே மரப்பலகை, அதன்மேல் மெல்லிய ஃபோம், கேன்வாஸ். அவ்வளவுதான். டிவியில் 'தடார்' என்று கேட்பது பலகைச் சத்தம், அடியில் மைக் வைத்துப் பெருக்கிக் காட்டுவார்கள். விழும்போது தாடை நெஞ்சில் ஒட்டியிருக்கணும், இல்லையென்றால் பின்மண்டை போகும். மேல்முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் தரையில் படணும், இரண்டு கையும் விரித்து அறையணும், மூச்சை வெளியே விட்டிருக்கணும். முழங்கையை ஊன்றத் தோன்றும், ஊன்றினால் முழங்கை போச்சு. உடம்பு சொல்கிற எல்லாவற்றுக்கும் எதிராகச் செய்ய வேண்டிய வேலை. கயிற்றில் ஓடித் திரும்புவது இன்னும் மோசம், அக்குளுக்குக் கீழே வாரக்கணக்கில் கன்றிப்போய்க் கிடந்தது.

சூப்ளெக்ஸில் தூக்குகிறவன் பலசாலி என்று நினைத்திருந்தோமே, தூக்கப்படுகிறவன் சரியான கணத்தில் தானே எம்பவில்லை என்றால் எந்தப் பலசாலியாலும் நேராக நிறுத்த முடியாது. அதாவது தோற்கிறவன் இல்லாமல் ஜெயிக்கிறவனுக்கு வித்தையே இல்லை. யோகோசுனா உட்காரும்போதும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, எடையை முடிந்தவரை தன் காலில் வாங்கிக்கொண்டுதான் இறங்குவார். ஆனாலும் கீழே படுத்திருப்பவனுக்கு ஒரு நம்பிக்கை வேண்டும் இல்லையா? முன்பின் சேர்ந்து ஆடியிராத ஆள், ஒத்திகைக்கு நேரமில்லை, கழுத்தை அவன் கையில் கொடுத்துவிட்டுப் படுக்கணும். 'எல்லாம் பொய் சண்டை' என்று என் மாமா இன்னமும் சொல்வார். முடிவு பொய்தான் மாமா, பலகை பொய் இல்லை.

சேனல்மாத்தி:

கடைக்குட்டி, ஹோரோவிட்ஸை விட்டது அநியாயம்தான் தங்கச்சி. அவருக்கு நீ இருக்கிறாய் என்று இப்போது தெரிந்துவிட்டது.

ரிங்கோரம் சொன்ன கழுத்து விஷயத்துக்கு மிக் ஃபோலியைச் சொல்லலாம். கல்லூரி மாணவராக இருந்தபோதே, 1986-ல், 'சூப்பர்ஸ்டார்ஸ்' நிகழ்ச்சியில் தோற்பதற்காகப் போனவர். எதிரே பிரிட்டிஷ் புல்டாக்ஸ். அந்த ஜோடியில் ஒருவரான டைனமைட் கிட் கையை நீட்டி அடித்த ஒரு க்ளோத்ஸ்லைனில் தாடை போய், சில வாரம் கெட்டியாக எதையும் மெல்ல முடியவில்லை என்று தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அதே ஆள் 1999 ஜனவரி 4 'ரா'வில் ராக்கை வென்று சாம்பியன் ஆனார். அது முன்கூட்டியே பதிவு செய்த எபிசோடு. போட்டிச் சேனலின் 'நைட்ரோ'வில் வர்ணனையாளர் இந்த முடிவைக் கிண்டலாக உடைத்துவிட்டார். 'ஃபோலியா சாம்பியன்?' என்று ஏராளமானோர் பார்ப்பதற்காக 'ரா'வுக்கே மாறிவிட்டார்கள்.

அந்த 'நைட்ரோ'தான் ஜாபர்களுக்கும் எமன். 1995 செப்டம்பரில் அது ஆரம்பித்தது, 1996 நடுவிலிருந்து 1998 ஏப்ரல் வரை ரேட்டிங்கில் 'ரா' ஒரு வாரம்கூட ஜெயிக்கவில்லை. இரண்டு சேனலும் ஒரே நேரம், ரிமோட் ஜனங்கள் கையில். முகம் தெரியாத ஒருத்தன் மூன்று நிமிடம் அடி வாங்கினால் அந்த மூன்று நிமிடத்தில் ஆள் அடுத்த சேனலுக்குப் போய்விடுவான். அதனால் நட்சத்திரத்துக்கு நட்சத்திரம், வாராவாரம், இலவசமாக. நமக்குக் கொண்டாட்டம். ஆனால் எனக்கென்னவோ அதற்குப் பிறகு யாரைப் பார்த்தும் யோகோசுனாவைப் பார்த்த பயம் வரவில்லை. எல்லோரும் எல்லோரிடமும் தோற்றால் எவனைப் பார்த்துப் பயப்படுவது?

ரேங்க்_ஒண்ணு:

அண்ணா, டென் ஸ்போர்ட்ஸ் காலத்துப் பையன்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், அடிக்க வருவார்கள். ஸ்டோன் கோல்டும் ராக்கும் மோதியதைப் பார்த்தவனுக்கு மூன்று நிமிட ஆட்டம் எதற்கு? எனக்கு இதில் உடன்பாடு இல்லை. புரூக்ளின் பிராலரை எடுத்துக்கொள்ளுங்கள், பல வருடம் தோற்ற மனுஷன். 2000-ல் கிறிஸ் ஜெரிகோ உதவியில் ட்ரிபிள் ஹெச்சையே அமுக்கிவிட்டார். அதெல்லாம் சேனல் சண்டை நடந்த காலத்தில்தான் நடந்தது.

சேனல்மாத்தி:

தம்பி, பிராலர் ட்ரிபிள் ஹெச்சை அமுக்கியது உனக்கு ஞாபகம் இருப்பதே அவர் அத்தனை வருடம் தோற்றதால்தானே!

சரி, யாரும் இன்னும் 1993 மே 17 எபிசோடைத் தொடவில்லை. 'தி கிட்' என்று ஒல்லியாக ஒரு பையன், இருபது வயது. முந்தைய வாரங்களில் காமிகாஸே கிட், கேனன்பால் கிட் என்று பெயர் மாறி மாறித் தோற்றவன். எதிரே ரேஸர் ரமோன், பல்குச்சியை முகத்தில் எறிந்துவிட்டு அலட்சியமாக அடிக்கிறார். பையன் மூலைக்கு மேலிருந்து பின்புறமாகச் சுழன்று மேலே விழுந்தான். ஒன்று, இரண்டு, மூன்று. மன்ஹாட்டன் சென்டர் கூட்டம் கத்திய கத்தலைக் கேளுங்கள். ஆட்டம் முடிந்த அந்தக் கணத்தில் ரேஸரின் முகத்தையும் பாருங்கள், தோற்பதை அவர் எவ்வளவு அழகாகச் செய்கிறார் என்று தெரியும். பையன் அதற்குப் பிறகு '1-2-3 கிட்', பிற்பாடு எக்ஸ்-பாக். அடுத்த மாதம் ரேஸர் பத்தாயிரம் டாலரைப் பணயம் வைத்து மறுபடி மோதக் கூப்பிட்டார், பையன் பணப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடியே போனான்.

கடைக்குட்டி:

இதற்கு அடுத்த வருடம் நடந்ததைத் தேடிப் பாருங்கள் அண்ணா. 1994 மே மாதம், ஒஹாயோவில். ரேஸர் ரமோனிடம் தோற்க வேறு பெயரில் ஒரு பையன் வருவான், வயதைக் கூட்டிச் சொல்லி உள்ளே வந்தவன், அப்போது பதினாறுதான். மறுநாள் அவனை 1-2-3 கிட் அடித்தான். அந்தப் பதினாறு வயதுப் பையன்தான் பிற்பாடு சாம்பியன் ஆன ஜெஃப் ஹார்டி.