14 வருஷம் ஒரே கம்பெனி, இப்போது வேறு ஆஃபர்: பையன் கேட்ட கேள்விக்கு என்ன பதில் சொல்வது?

மாயவரத்தான்_டப்ளின் (கேள்வி)

வணக்கம். ஒஹாயோவில் கொலம்பஸ் பக்கத்தில் டப்ளினில் இருக்கிறேன். 2011-லிருந்து ஒரே இன்ஷூரன்ஸ் கம்பெனி. போன வாரம் ஒரு வங்கியிலிருந்து ஆஃபர் வந்தது, சம்பளம் 18 சதவீதம் கூட. பத்து நாளில் பதில் சொல்ல வேண்டும். சம்பளக் கணக்கைப் பற்றிக் கேட்க வரவில்லை. என் பையன் ஒன்று கேட்டான், அதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை.

எங்கள் வீட்டில் சனிக்கிழமை என்றால் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக அணியின் அமெரிக்கன் ஃபுட்பால். எட்டு வயதிலிருந்து அவனும் கூட உட்கார்ந்து பார்க்கிறான், இப்போது பதினைந்து. 2023 நவம்பரில் மிஷிகனிடம் தோற்றோம். அந்த சீசனில் அதுவரை ஆடிய 11 ஆட்டமும் ஜெயம்தான். சில நாளிலேயே குவார்ட்டர்பேக் (பந்தை எறியும் முக்கிய ஆட்டக்காரர்) கைல் மெக்கார்ட், டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் (காலேஜ் மாற நினைக்கும் ஆட்டக்காரர்களின் பட்டியல்) பேரைப் போட்டுவிட்டு சிரக்யூஸ் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். "ஒரு தோல்விக்கே கிளம்பிட்டான், விசுவாசம்னா என்னன்னே தெரியல" என்று நான் கத்தினேன். அடுத்த மாதத்துக்குள் கான்சஸ் ஸ்டேட்டிலிருந்து வில் ஹோவர்ட், ஓல் மிஸ்ஸிலிருந்து குயின்ஷான் ஜட்கின்ஸ், கோச் நிக் சேபன் ஓய்வு பெற்றதும் அலபாமாவிலிருந்து கேலப் டவுன்ஸ் என்று வரிசையாக எங்களிடம் வந்தார்கள். 2025 ஜனவரி 20 அன்று நோட்ரடாமை 34-23 என்று ஜெயித்து சாம்பியன் ஆனோம். ஹோவர்ட் ஜெர்சி வாங்கி வந்தவனும் நான்தான்.

ஆஃபர் விஷயத்தை மனைவியிடம் சாப்பாட்டு நேரத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன். பையன் தட்டைப் பார்த்தபடியே கேட்டான்: "மெக்கார்ட் போனா துரோகம், ஹோவர்ட் வந்தா சந்தோஷம். அவரும் அங்க ஒரு டீமை விட்டுட்டுத்தானே வந்தாரு? இப்ப நீங்க போனா அது என்னப்பா?" அதற்கே வாய் அடைத்துப் போனது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்றும் கேட்டான். "நீங்க இத்தனை வருஷம் அங்க இருந்தது லாயல்ட்டியா, இல்ல க்ரீன் கார்டுக்காகவா?" கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டான். மனைவி ரசக் கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

2013-ல் எனக்கு பெர்ம் போட்டார்கள். அதாவது, இந்த வேலைக்குத் தகுந்த ஆள் இங்கே கிடைக்கவில்லை என்று கம்பெனி விளம்பரம் செய்து காட்டும் க்ரீன் கார்டின் முதல் படி. கார்டு கைக்கு வந்தது 2022-ல். அந்த ஒன்பது வருஷத்தில் நான் எங்கே போயிருக்க முடியும்? போனால் புதுக் கம்பெனியில் பெர்ம், அடுத்து கம்பெனி போடும் ஐ-140 மனு எல்லாம் மறுபடி முதலிலிருந்து. வேலை போனால் எச்1பி வேலை விசாவில் 60 நாள்தான் அவகாசம். ஆனாலும் உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று கேட்டு வளர்ந்தவன் நான். உப்பு போட்டவரும் உண்டு. 2016-ல் அப்பா மாயவரத்தில் காலமானார். காரியம் முடித்துத் திரும்பும்போது விசா ஸ்டாம்பிங்கில் 221(ஜி), அதாவது இன்னும் பரிசீலிக்க வேண்டும் என்று நிறுத்திவிட்டார்கள், ஏழு வாரம் மாட்டிக்கொண்டேன். என் மேனேஜர் அந்த ஏழு வாரமும் என் இடத்தை யாருக்கும் கொடுக்க விடவில்லை. இங்கே மனைவியும் சின்னப் பையனும் தனியாக இருந்தார்கள். அந்த மேனேஜருடைய கணவர் புல் வெட்டும் மெஷினைத் தன் பிக்கப்பில் ஏற்றிவந்து, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை எங்கள் வீட்டுப் புல்லை வெட்டிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போவாராம்.

அந்த அம்மாவை 2023-ல் கம்பெனி அனுப்பிவிட்டது. 22 வருஷ வேலை, கால் மணி நேர வீடியோ கால். பேசி முடித்ததும் லேப்டாப் பூட்டிக்கொண்டது.

அப்படியானால் நான் இப்போது யாருக்காக இருக்கிறேன்? ஒரு ஆளுக்காக என்றுதான் தோன்றுகிறது. என் டீமில் ஒரு தம்பி, மதுரைப் பக்கம், எச்1பி-யில் ஐந்தாவது வருஷம். இப்போதுதான் அவனுக்கு பெர்ம் வேலை தொடங்கியிருக்கிறது, விளம்பரத்துக்கு வரும் ரெஸ்யூம்களைப் பார்க்க வேண்டிய மேனேஜர் நான். நான் போய்விட்டால் அது என்ன ஆகும் என்ற பயம்தான் காலைப் பிடிக்கிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

சியாட்டில்_பழையவன்

அண்ணா, கிளம்புங்கள். 2023 ஜனவரியில் என் வேலை போனது விடியற்காலை மெயிலில். ஒன்பது வருஷம். எழுந்து கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு படிக்கும்போது ஆஃபீஸ் காலண்டர் ஏற்கெனவே காலியாக இருந்தது. கூட வேலை பார்த்தவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல வழியில்லை. எங்கள் டீமில் பிரசவ விடுப்பில் இருந்த பெண்ணுக்கும் அதே மெயில்தான்.

எனக்கு வேலை போனதைவிட, சொல்லிக்கொள்ளாமல் போக வைத்ததுதான் இன்னும் ஆறவில்லை. இந்த நாட்டில் மாண்டனா தவிர எல்லா மாநிலத்திலும் காரணம் சொல்லாமல் அனுப்பலாம், காரணம் சொல்லாமல் போகலாம். அவர்கள் தங்கள் பாதியை நன்றாகவே பயன்படுத்துகிறார்கள். உங்கள் பாதியை நீங்கள் பயன்படுத்த ஏன் கூச்சம்?

---

மிட்வெஸ்ட்_ஆலோசகர்

நான் ஒரு பல்கலைக்கழகத்தில் விளையாட்டு மாணவர்களுக்குப் படிப்பு ஆலோசகராக இருக்கிறேன். உங்கள் பையனின் முதல் கேள்விக்கு நான் வேலை பார்க்கும் பக்கத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

இந்தப் பிள்ளைகளிடம் விசுவாசம் இல்லை என்று சொல்கிறவர்கள், பழைய ஏற்பாடு எப்படி இருந்தது என்பதை மறந்துவிடுகிறார்கள். 1973-லிருந்து 2012 வரை ஸ்காலர்ஷிப் என்பது ஒவ்வொரு வருஷமாகப் புதுப்பிப்பது மட்டும்தான். அடுத்த வருஷம் தருவதும் தராததும் கோச் கையில். அதே பிள்ளை வேறு காலேஜுக்குப் போக நினைத்தால், 2018 அக்டோபரில் போர்ட்டல் வரும்வரை, அந்த காலேஜோடு பேசவே பழைய காலேஜின் அனுமதி வேண்டும். ஃபுட்பால், பேஸ்கட்பால் என்றால் போன பிறகும் ஒரு வருஷம் ஆடாமல் உட்கார வேண்டும். கோச்சுக்கு இதெல்லாம் கிடையாது. 2021 நவம்பர் கடைசியில் பிரையன் கெல்லி நோட்ரடாமை விட்டு எல்.எஸ்.யு.வுக்கு (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) போனார். அணி 11-1 என்று நின்றது, பிளேஆஃப் வாய்ப்புகூட அப்போது முடிந்திருக்கவில்லை. டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் 2023-ல் தன் கோச் ஜிம்போ ஃபிஷரை அனுப்பியபோது ஒப்பந்தப்படி அவருக்குச் சேர வேண்டியது 7.5 கோடி டாலருக்கு மேல். ஒரு பக்கம் பூட்டு, ஒரு பக்கம் திறந்த கதவு. பூட்டு இருந்த பக்கத்தைப் பார்த்துத்தான் எல்லாரும் விசுவாசம் என்றார்கள்.

2021-ல், அப்படி உட்காராமல் ஒரு முறை மாறலாம் என்று கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ. சொன்னது. 2023 டிசம்பரில் சில மாநிலங்கள் சேர்ந்து அதன் மேல் வழக்குப் போட்டன, முதல் வாதி உங்கள் ஒஹாயோதான். அந்த ஒரு முறைக் கட்டுப்பாட்டுக்கு நீதிமன்றம் தடை கொடுத்தது. 2024 ஏப்ரலிலிருந்து படிப்பில் தகுதி இருந்தால் எத்தனை முறையும் மாறலாம்.

ஆனால் கதவு திறந்ததால் எல்லாருக்கும் நல்லது நடந்தது என்று சொன்னால் பொய். ஹோவர்டுகளை டிவியில் பார்க்கிறோம். என் அறைக்கு வருவது வேறு பிள்ளைகள். போர்ட்டலில் பேர் ஏறியதும் பழைய காலேஜ் அந்த டெர்மோடு ஸ்காலர்ஷிப்பை நிறுத்தலாம், புது இடம் எதுவும் அமையாமலும் போகலாம். போன வருஷம் ஒரு நீச்சல் மாணவி மாறி வந்தாள். அவளுடைய 14 கிரெடிட்டை எங்கள் துறை ஏற்கவில்லை. மூன்றாம் வருஷம் தொடங்கும்போது பட்டத்தில் 40 சதவீதம் முடிந்திருக்க வேண்டும் என்பது விதி. அவள் டிரான்ஸ்கிரிப்ட்டை விரலால் வரி வரியாகத் தொட்டு எண்ணிக்கொண்டே வந்தாள், நடுவில் நின்றுவிட்டாள். 36 சதவீதம். கோடை முழுக்க இரண்டு பாடம் படித்துத்தான் குளத்தில் இறங்கினாள். அவளை வரச் சொன்ன கோச் அதற்குள் வேறு காலேஜுக்குப் போயிருந்தார். 2025-ல், ஆட்டக்காரர்களுக்குப் பணம் தருவது பற்றிய ஹவுஸ் வழக்கின் சமரசத்தோடு அணிக்கு இத்தனை பேர்தான் என்ற உச்சவரம்பும் வந்தது. பல இடங்களில் வருஷக்கணக்காகப் பயிற்சிக்கு வந்த பிள்ளைகளைப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். அவர்களிடம் யாரும் விசுவாசம் பற்றிப் பேசவில்லை.

மெக்கார்ட் பற்றி ஒன்று. சிரக்யூஸில் 2024-ல் நாட்டிலேயே அதிக பாஸிங் யார்டு எடுத்தவர் அவர். அவருக்கும் நல்லதாகப் போனது, உங்களுக்கும் கோப்பை வந்தது. பையனிடம் அதைச் சொல்லுங்கள்.

---

எடிசன்_டாக்ஸ்

நியூஜெர்ஸியில் ஒன்பது பேரை வைத்து டாக்ஸ் ஆஃபீஸ் நடத்துகிறேன். முதலாளி பக்கத்திலிருந்தும் ஒருவர் பேச வேண்டும் என்று எழுதுகிறேன்.

2020-ல் வாடிக்கையாளர்கள் பணம் தராமல் நிறுத்தினார்கள். பிபிபி கடன் (கொரோனா காலத்தில் சம்பளம் போட அரசு தந்த கடன்) வரும்வரை என் சேமிப்பிலிருந்து சம்பளம் போட்டேன், ஒருவரையும் அனுப்பவில்லை. அதில் ஒரு பையன், வருமான வரிக்கான 1040 ஃபாரம் எந்தப் பக்கம் தொடங்குகிறது என்பதிலிருந்து நான் சொல்லிக்கொடுத்தவன், 2022 மார்ச் மாதம் ஒரு வியாழக்கிழமை இரவு மெயில் போட்டுவிட்டு நின்றுவிட்டான். மார்ச் என்றால் எங்களுக்கு என்ன என்று தொழில் தெரிந்தவர்களுக்குத் தெரியும். அவன் மேஜையில் 61 ஃபைல். எதில் என்ன பாக்கி என்று ஒரு குறிப்புகூட இல்லை. வரி தாக்கலுக்குக் கடைசி நாளான ஏப்ரல் 18 வரை நானும் என் மனைவியும் ஆஃபீஸிலேயே படுத்து எழுந்தோம். போனதற்கு எனக்குக் கோபமில்லை, பெரிய ஆஃபீஸ், நல்ல சம்பளம். அந்த 61 ஃபைலை அப்படி விட்டுப் போனதுதான் வலி.

அதே வருஷம் இன்னொரு பெண்ணும் போனாள். ஆகஸ்டில், ஒரு மாதம் முன்னால் சொல்லி. ஒவ்வொரு ஃபைலிலும் மஞ்சள் ஒட்டுத்தாள் ஒட்டி, வாடிக்கையாளர் எந்த நேரத்தில் ஃபோன் எடுப்பார் என்பதுவரை எழுதி வைத்தாள். இன்றைக்கும் தீபாவளிக்கு அவள் வீட்டுக்குப் போகிறோம்.

சியாட்டில் தம்பி எழுதியதைப் படித்து ஒன்று உறுத்துகிறது, சொல்லிவிடுகிறேன். 2019-ல் புது சாஃப்ட்வேர் வாங்கியபோது டேட்டா என்ட்ரி பார்த்த வயதான அம்மா ஒருவரை இரண்டு வார சம்பளம் கொடுத்து அனுப்பினேன். பதினொரு வருஷம் வேலை பார்த்தவர். இரண்டு வாரம் சட்டப்படி கேள்வியே இல்லாதது. ஆனால் ஆறு மாதம் முன்பே எனக்குத் தெரியும், சாஃப்ட்வேர் வரப்போகிறது என்று. ஆறு மாதம் முன்பே அவரிடம் சொல்லியிருக்கலாம். பையனிடம் நான் எதிர்பார்த்ததை அந்த அம்மாவுக்கு நான் செய்யவில்லை.

டப்ளின் நண்பரே, போங்கள். அந்த மதுரைத் தம்பியின் ஃபைலை மட்டும் பாதியில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

---

மாயவரத்தான்_டப்ளின்

எல்லாருக்கும் நன்றி. எடிசன் அண்ணா எழுதியதை மனைவியிடம் சத்தமாகப் படித்துக் காட்டினேன்.

நேற்று பழைய மேனேஜருக்கு ஃபோன் போட்டேன். இப்போது ஊரில் அண்ணனோடு சோளக் கொல்லையைப் பார்க்கிறார். போகலாமா என்று கேட்டதும் "இன்னுமா அங்கே இருக்கிறாய்?" என்றார். அடுத்த மூச்சில் அந்தத் தம்பியைப் பற்றித்தான் கேட்டார். ரெஸ்யூம் யார் பார்க்கிறார்கள், வக்கீல் யார், கடைசி விளம்பரம் என்றைக்கு என்று. என் 2013 ஃபைலுக்கு வந்த ரெஸ்யூம்களை எல்லாம் அவர் வீட்டுக்குக் கொண்டுபோய் வார இறுதியில் பார்த்திருக்கிறார். பன்னிரண்டு வருஷம் கழித்து நேற்றுத்தான் அது எனக்குத் தெரியும்.

வங்கியிடம் கேட்டேன், சேரும் தேதியை நவம்பர் 3 வரை தள்ளிக் கொடுத்தார்கள். அதற்குள் தம்பியின் விளம்பரங்கள் முடியும். வந்த ரெஸ்யூம் ஒவ்வொன்றையும் நானே நேர்மையாகப் பார்த்து முடிவு எழுதிக் கொடுத்துவிடுகிறேன். கடைசி விளம்பரத்துக்கு அப்புறம் 30 நாள் காத்திருந்துதான் வக்கீல் ஃபைல் பண்ணுவார், அதற்கு நான் தேவையில்லை. என் இடத்துக்கு வரப்போகிறவரிடம் அவனை உட்காரவைத்துப் பேசியும் விட்டேன். ஐ-140 ஒப்புதலாகி 180 நாள் தாண்டும்வரை அவசரப்பட்டு எங்கேயும் தாவாதே, கம்பெனி பிறகு வாபஸ் வாங்கினாலும் அந்த ஒப்புதல் நிற்கும் என்று அவனிடம் சொன்னேன். தலையாட்டினான். பிறகு, "அண்ணே, உங்களுக்கு லேட்டாகலையே?" என்றான்.

பையனிடம் உள்ளதைச் சொன்னேன். ஒன்பது வருஷம் கார்டுக்காகத்தான் இருந்தேன், அதன் பிறகு மூன்று வருஷம் பழக்கத்தில் இருந்தேன் என்று. அவன் ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி ஃபோனைக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தான், மெக்கார்டின் சிரக்யூஸ் ஆட்டங்களை எடுத்து வைத்திருந்தான். இரண்டு ஆட்டம் பார்த்தோம். நன்றாகத்தான் எறிகிறார்.